குருசாமியின் இலை

நெல்லித்தோப்பில் வந்து சின்னப்பொண்ணு வீடு எது என்று கேட்டால், எந்தச் சின்னப்பொண்ணு என்று திருப்பிக் கேட்பார்கள். பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறவள் என்று சொன்னால் போதும், வாசல் வரைக்கும் கூட்டிவந்து விடுவார்கள். அதோடு நிறுத்த மாட்டார்கள். "குருசாமியைப் பட்டினி போட்டுச்சே, அந்தம்மாதானே" என்று ஒரு வார்த்தை சேர்ப்பார்கள். சொல்கிற ஆளின் முகத்தைப் பார்த்தால் அது ஏச்சா மெச்சுதலா என்று பிடிபடாது. சின்னப்பொண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிக்குக் களையெடுத்துக் கொண்டிருந்த பெண்ணை மில்லில் வேலை பார்க்கிற காத்தவராயனுக்குக் கட்டிவைத்தார்கள். மில் மாப்பிள்ளை என்றால் அப்போது அப்படி ஒரு மதிப்பு. பிறகு மில்லை மூடினார்கள். மதிப்பும் சேர்ந்து மூடிக்கொண்டது. காத்தவராயன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனான். அவன் தூக்குகிற வாசலுக்குப் பக்கத்திலேயே இவள் ஒரு கூடையை வைத்துக்கொண்டு குந்தினாள். மல்லி, கனகாம்பரம், புரட்டாசி வந்தால் துளசி. ஒரே மகள் கார்குழலி. காத்தவராயனுக்கு வெற்றிலையைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. கல்யாண வீட்டில் ஊற்றிக் கொடுத்தாலும் கிளாசைக் கவிழ்த்துவிட்டு எழுந்து வருகிற ஆள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

அவனுக்கென்று இருந்த ஒரே ஆசை, வருஷா வருஷம் புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போவது. நெல்லித்தோப்பிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பும். மஞ்சள் துணி, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் நாமம். திண்டிவனம், வந்தவாசி, காஞ்சிபுரம், திருத்தணி என்று வெறுங்காலோடு போவார்கள். சோறு பொங்குகிற சாமான்களோடு ஒரு சின்ன வண்டி முன்னால் போகும். மாலை போட்டுவிட்டால் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். மாமனாரும் சாமி, மருமகனும் சாமி. கூட்டத்துக்குத் தலைவர் கமலக்கண்ணன். காத்தவராயனோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். மில் மூடியதும் பந்தல் போடும் தொழிலுக்குப் போய் நன்றாகவே வந்தவர். குருசாமி ஆகிவிட்டதால் நாமும் அவரை அவர் என்றே சொல்வோம், என்ன செய்தாலும்.

என்ன செய்தார் என்றால் இதுதான். ஒரு வருஷம் காத்தவராயனுக்கு சுகர் இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். நடைப்பயணத்தில் வந்தவாசி தாண்டிய அன்று, காலையில் அவன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடந்தான். சோற்று வண்டி வந்து சேரவில்லை. எங்கேயோ வழி மாறிப்போய் நின்றுவிட்டது. உச்சி வெயிலில், ரோடுகள் சேருகிற ஒரு கூட்ரோட்டுக்கு வந்தபோது காத்தவராயனுக்குக் கால் பின்னியது. வேர்த்துக் கொட்டியது. பேச்சு குழறியது. கமலக்கண்ணன் பார்த்தார். குடித்துவிட்டான் என்றார். மாலையோடு குடித்தவனைக் கூட்டத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தன் கையாலேயே அவன் கழுத்து மாலையைக் கழற்றி அங்கிருந்த வேப்பங்கிளையில் மாட்டினார். பஸ் நிறுத்தத்துக் கட்டையில் அவனை உட்காரவைத்து, "தெளிஞ்சதும் பஸ்ஸைப் புடிச்சி ஊரு போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அந்த ஊர்க்காரர்கள்தான் சாயங்காலம் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சின்னப்பொண்ணு போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. அங்கே ஒரு நர்சம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "குடியெல்லாம் இல்லம்மா. சுகர் எறங்கிப் போச்சு. சாப்பிடாம மாத்திரை போட்டிருக்காரு. அந்த நேரத்துல யாராவது ஒரு வாய் சர்க்கரையைப் போட்டிருந்தா எழுந்து நடந்திருப்பாரு."

கருமாதிக்கு வந்த கமலக்கண்ணனிடம் சின்னப்பொண்ணு இதை அப்படியே சொன்னாள். அப்போதெல்லாம் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவர் சுற்றி நிற்கிறவர்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்காரங்க ஆயிரம் சொல்லுவாங்க தங்கச்சி. பக்கத்துல நின்னவன் நானு. வாயில வாடை வந்துச்சு" என்றார்.

வாடை வந்துச்சு. அந்த ஒரு சொல் நெல்லித்தோப்பு முழுக்கச் சுற்றியது. ஆறு தாண்டி அரியாங்குப்பத்துக்கும் போனது. அங்கேதான் கார்குழலிக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாலையோடு குடித்துச் செத்தவன் வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று அவர்கள் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். கார்குழலி பிறகு கடலூரில் நல்லபடியாக வாழப்போனாள் என்பது வேறு விஷயம். திரும்பி வந்த தாம்பாளத்தை சின்னப்பொண்ணு கழுவாமல் அப்படியே பரண்மேல் போட்டுவைத்தாள்.

இன்னும் ஒன்று. கூட்டம் கிளம்புகிற அன்று பெருமாள் கோயில் வாசலில் தேங்காய் உடைப்பதற்கு முன்னால், இதுவரை கூட்டத்தோடு நடந்து, பிறகு இறந்துபோன சாமிகள் பேரைக் குருசாமி ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். ஒவ்வொரு பேருக்கும் தெருவே கோவிந்தா என்று குரல் கொடுக்கும். பேர் கூப்பிட்டால் அந்த ஆளும் சேர்ந்து நடக்கிறார் என்று ஐதீகம். காத்தவராயன் பேரை மட்டும் கூப்பிடவில்லை. முதல் வருஷம் மறந்துவிட்டார் என்று சின்னப்பொண்ணு நினைத்தாள். அடுத்த வருஷம் அப்படி நினைக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்று பார்த்தாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஒரு பேர், ஒரு கோவிந்தா.

சோற்று வண்டி அன்றைக்கு வரவில்லை என்ற பேச்சு மெதுவாகத் தலை தூக்கியது. கமலக்கண்ணன் காதுக்கும் போனது. உடனே அவர் ஒரு சட்டம் போட்டார். எல்லாச் சாமியும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் குருசாமி இலையில் உட்காருவார். ஒரே ஒரு சாமி பசியோடு இருந்தாலும் குருசாமியின் இலை மடித்தது மடித்தபடி இருக்கும். ஊரே மெச்சியது. 'பசித்திருக்கும் குருசாமி' என்று அவர் படத்தோடு பேனர்கூட வைத்தார்கள். சின்னப்பொண்ணுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் காய்கறி வைத்திருக்கிற வசந்தாதான் எழுத்துக்கூட்டிச் சொன்னாள். கேட்டுக்கொண்டே சின்னப்பொண்ணு பூக் கட்டினாள். கட்டி முடித்த சரத்தை எடுத்துப் பார்த்தால், கடைசி முடிச்சில் காம்பெல்லாம் நசுங்கியிருந்தது.

அந்தப் புரட்டாசியில் தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, தன் கையால் கட்டிய துளசி மாலையோடு கோயிலுக்குப் போனாள். மாலை கேட்டு வருகிறவர்களைக் குருசாமி மறுக்கக் கூடாது. எல்லாரும் பார்க்க அவர் முன்னால் போய் நின்றாள்.

கமலக்கண்ணன் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு எதுக்கு தங்கச்சி இதெல்லாம். கால் தாங்காது."

"மூட்டை தூக்கறவனுக்குப் பொண்டாட்டியா இருந்த காலு. தாங்கும். போடுங்க."

போட்டார். போட்டதும் முறைப்படி கைகூப்பி, "சாமி" என்றார்.

"சாமி" என்றாள் இவளும். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் பாதிதான் வெளியே வந்தது.

துணைக்கு வசந்தாவும் மாலை போட்டுக்கொண்டாள். கோரிமேடு தாண்டியதிலிருந்து அவள் வாய் ஓயவில்லை.

"நீ பெருமாளைப் பாக்க வரல. சண்டை போட வர்றே. எனக்குத் தெரியும்."

"மாலை போட்டுக்கிட்டு யாராவது சண்டை போடுவாங்களா சாமி."

"சாமியாம். உன் மொகத்தைப் பாத்தா எனக்கே பயமாக்கீது."

திண்டிவனம் வரைக்கும், அதற்குப் பிறகும், சின்னப்பொண்ணு நன்றாகச் சாப்பிட்டாள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் கணக்கு வேறாக இருந்தது. வந்தவாசியில் ராத்திரி தங்கல். மறுநாள் மதியச் சாப்பாடு அந்தக் கூட்ரோட்டில், அந்த வேப்பமரத்தடியில். ஒரு ராத்திரியும் ஒரு காலையும் அவள் இலையைத் தொடாமல் இருந்தால், மதியம் அந்த மரத்தடியில் குருசாமி இரண்டில் ஒன்று செய்தாக வேண்டும். தன் சட்டத்தைத் தானே உடைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சாப்பிட வேண்டும். இல்லையென்றால், ஏன் சாப்பிடவில்லை என்று எல்லார் முன்னாலும் அவளைக் கேட்க வேண்டும். கேட்டால் சொல்வதற்கு அவளிடம் பதில் இருந்தது.

வந்தவாசிச் சத்திரத்தில் பந்தி முடிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். சின்னப்பொண்ணு தூணில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். கமலக்கண்ணன் வந்தார்.

"சாமி இன்னும் சாப்பிடலையா?"

"பசிக்கல சாமி. நீங்க சாப்பிடுங்க."

"நீங்க சாப்பிடாம நான் எப்படி உக்கார்றது."

"அது உங்க சட்டம். எனக்கு இன்னா தெரியும்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு பந்திக்கு மட்டும்தான். இலையை மடித்து வண்டியில் சொருகிவிட்டு வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுத்தார்.

"வண்டிக்குப் பின்னால போயி நாலு இட்லி உள்ள தள்ளியிருப்பாரு" என்றாள் வசந்தா.

தள்ளவில்லை. சின்னப்பொண்ணு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பெருமைக்காரர். திருட்டுத்தனமாகத் தின்று மாட்டிக்கொண்டால் பேனர் கிழிந்துவிடும் அல்லவா.

காலையில் சமையல்காரர் வெற்றிவேல் கிண்ணத்தோடு வந்து கெஞ்சினார். "சாமி, ஒரே ஒரு இட்லி. குருசாமி ராத்திரியே சாப்பிடல. வயசானவரு."

"ஒரு விள்ளல் உள்ள போனாலும் சாப்பிட்ட மாதிரிதான் சாமி. எனக்கு வேணாம்."

அப்போதுதான் அதைப் பார்த்தாள். வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கமலக்கண்ணன் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, சர்க்கரை போடாத டீயைக் குடித்தார். அதே அட்டை. காத்தவராயனுக்குக் கொடுத்த அதே பச்சை அட்டை. அவன் போன பிறகு மிச்சம் இருந்ததை எடுத்து எடுத்துப் பார்த்தவளுக்கு அது தெரியாதா.

மனிதருக்கு இரண்டு வருஷமாக சுகராம். வெற்றிவேல்தான் சொன்னார். சாப்பிடாமல் மாத்திரை போடக் கூடாது என்று அவருக்குத் தெரியவில்லை, கருமாதியில் இவள் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. காத்தவராயனுக்கும் தெரிந்திருக்கவில்லை. விரதத்துக்கு விரதம், மாத்திரைக்கு மாத்திரை, இரண்டையும் தவறாமல் செய்துவிட்டால் பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிற ஜனங்கள்.

இவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டிருந்தால்கூடப் போதும். வெற்றிவேல் கிண்ணத்தை நீட்டியபடியே நின்றார்.

"பசிக்கல" என்றாள் சின்னப்பொண்ணு. இடுப்புச் சுருக்குப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அதில் கற்கண்டு இருந்தது. அந்த நர்சம்மா சொன்ன நாளிலிருந்து அவள் கற்கண்டு இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை. கோயிலுக்கானாலும் சரி, மார்க்கெட்டுக்கானாலும் சரி.

வழியில் புளியமர நிழல் கொஞ்சதூரம் வந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல், நடுவில் சுடுகிற தார். சின்னப்பொண்ணுக்கும் கண்ணை இருட்டியது. தண்ணீரைக் குடித்துக்கொண்டு நடந்தாள். அவள் கண், முன்னால் போகிற கமலக்கண்ணன் முதுகைவிட்டு அகலவில்லை. முதலில் அவர் கோவிந்தா சொல்வதை நிறுத்தினார். பிறகு ஓரத்திலிருந்து நடுரோட்டுக்கு வந்தார். லாரி ஒன்று ஹாரன் அடித்தது. லாரிக்காரனைத் திட்ட வாயைத் திறந்தார், வார்த்தை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. முதுகுத் துணி தொப்பலாக நனைந்திருந்தது.

கூட்ரோடு இன்னும் வரவில்லை. வேப்பமரமும் வரவில்லை. ஒரு பஞ்சர் கடைக்கு முன்னால் கமலக்கண்ணன் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் காரணமில்லாமல் சிரித்தார்.

பஞ்சர் கடைக்காரர் டயரைக் கீழே போட்டுவிட்டு வந்து பார்த்தார். "புரட்டாசி மாசம், கழுத்துல மாலை. காலையிலேயே ஏத்திக்கிட்டாரு பாரு" என்றார். டீக் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், "நாமம் மட்டும் கலையல" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

கூட்டம் சுற்றி நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "மாலையைக் கழட்டிடலாமா?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தானே. ஒரு கை நீண்டு அவர் கழுத்து வரைக்கும் போய்விட்டது.

"கைய எடு" என்றாள் சின்னப்பொண்ணு.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் எதிரில், அந்தக் கொதிக்கிற மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சுருக்குப்பையைத் திறந்து கற்கண்டை உள்ளங்கையில் கொட்டினாள்.

"இது இன்னான்னு தெரியுதா? இதை வாயில போட்டா நீ எழுந்து நடப்பே. அன்னிக்கி என் ஊட்டுக்காரருக்கு இது ஒரு துண்டு போட ஆளில்ல."

கமலக்கண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு அவள் உள்ளங்கையைப் பார்த்தார். கையை நீட்டினார், அது கற்கண்டுக்குப் போகாமல் வேறெங்கோ போனது.

"அவரு வாயில வாடை வந்துச்சா?"

அவர் கை மறுபடியும் கற்கண்டைத் தேடியது.

"அடியே, போட்டுட்டு அப்பறம் கேளுடி. செத்துகித்துப் போயிடப் போறாரு" என்று வசந்தா தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எழுந்துட்டா பழைய குருசாமி ஆயிடுவாரு. இப்ப கேட்டாத்தான் உண்டு." சின்னப்பொண்ணு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சொல்லு. வாடை வந்துச்சா?"

"வரல" என்றார் அவர். குழறலாகத்தான் வந்தது.

"எல்லாருக்கும் கேக்கணும்."

"வாடை வரல. நானாத்தான் சொன்னேன். வாடையே வரல தங்கச்சி."

கற்கண்டை அவர் வாயில் போட்டாள். தாடையைப் பிடித்துக்கொண்டு, கரையும் வரைக்கும் விடாமல் இருந்தாள். ஒரு பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி இருந்தது பார்க்க, ஆனால் பிடி அப்படி இல்லை. பிறகு நிறையச் சர்க்கரை போட்டு ஒரு டீ கொண்டுவரச் சொன்னாள். அதையும் அவர் குடித்தார். கொஞ்சநேரத்தில் வேர்வை நின்றது. கண் ஒரு இடத்தில் நிலைத்தது. தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. சுற்றி நிற்கிற முகங்களும் தெரிந்தன. என்ன சொன்னோம் என்பதும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், தலையைத் தூக்கவில்லை. பஞ்சர் கடைக்காரர் தானாகவே ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

"வெற்றிவேல் சாமி" என்று கூப்பிட்டாள் சின்னப்பொண்ணு. "இப்ப பசிக்குது. இலையைப் போடுங்க."

பஞ்சர் கடை நிழலிலேயே இலை போட்டார்கள். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம். மடித்த இலையை மடியில் வைத்துக்கொண்டு குருசாமி பார்த்துக்கொண்டிருந்தார். சட்டம் அவருடையது.

"இன்னும் கொஞ்சம் ரசம்" என்றாள்.

"போதும்டி, எழுந்திரு" என்றாள் வசந்தா.

எழுந்து கை கழுவிய பிறகுதான் அவர் இலை விரிந்தது.

கூட்ரோட்டுக்குப் போனபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வேப்பமரம் அப்படியே இருந்தது. கூடையில் கொண்டுவந்திருந்த துளசிச் சரத்தை சின்னப்பொண்ணு கிளையில் மாட்டினாள். யாரையும் கும்பிடச் சொல்லவில்லை. எல்லாரும் நின்றார்கள், குருசாமியும் நின்றார். அப்புறம் நடந்தார்கள்.

மலை ஏறி இறங்கிவிட்டு, பஸ்ஸில் ஊர் திரும்பும்போது வசந்தா கேட்டாள். "ஒரு உசுரோட வெளையாடிட்டே. பெருமாள்கிட்ட மன்னிப்பாவது கேட்டியா?"

"பெருமாள் எங்கிட்ட கேக்கட்டும் மொதல்ல" என்றாள் சின்னப்பொண்ணு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊருக்கு வந்ததும், மயக்கத்தில் ஏதோ உளறினேன் என்று கமலக்கண்ணன் சொல்லிப் பார்த்தார். நடந்து வந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்திருந்தது. எடுபடவில்லை. பேனரை அவரே கழற்றினார்.

அடுத்த புரட்டாசி வந்தது. கோயில் வாசலில் கூட்டம் நிறைந்து நின்றது. கார்குழலிகூடக் கடலூரிலிருந்து வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். சின்னப்பொண்ணு மாலை போடவில்லை. மார்க்கெட்டுக்குப் போகிற புடவையில், இடுப்பில் துளசிக் கூடையோடு நின்றாள். குருசாமி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். தெரு கோவிந்தா போட்டது. கடைசியில் ஒரு பேர் மிச்சம் இருந்தது. அதைத் தேங்காயைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே சொன்னார்.

"காதுல விழல சாமி" என்றாள் சின்னப்பொண்ணு.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "காத்தவராயன்" என்றார். முன்வரிசை மட்டும் கோவிந்தா என்றது.

"தெருமுனையில ஆளுங்க நிக்கிறாங்க. அவங்களுக்கு விழல."

கமலக்கண்ணன் நிமிர்ந்தார். அவள் நிற்கிற பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு மில்லில் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்துவார்களே, அந்தக் குரலில் கூப்பிட்டார். "காத்தவராயன் சாமி."

தெரு முழுக்கக் கோவிந்தா என்றது. மாடியில் துணி காயப்போட்டுக் கொண்டிருந்தவர்கள்கூடச் சொன்னார்கள். கார்குழலி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கிளம்புவதற்குள் கமலக்கண்ணன் அவளிடம் வந்து நின்றார். "தங்கச்சி" என்றார். மேலே ஏதோ சொல்ல வாய் எடுத்தார்.

"மாத்திரை போட்டா சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்றாள் சின்னப்பொண்ணு. அண்ணா என்று சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. கூடையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, துளசி வாடிவிடும் என்று மார்க்கெட்டுக்கு ஆட்டோ பிடிக்கப் போனாள்.